ஐப்பசி முதல் மார்கழி வரை: கொல்லைக் காயிலேயே அன்றாடச் சமையல்

ஐப்பசி பிறந்து மழை பிடித்துவிட்டால் தக்காளி விலை ஏறுவதும், கத்தரி, வெண்டை வரத்து குறைவதும் ஆண்டுதோறும் நாம் பார்ப்பதுதான். பூ உதிர்கிறது, காய் அழுகுகிறது, வயலுக்கு வண்டி போகும் பாதை சேறாகிவிடுகிறது. காய் விற்கிற விவசாயிக்கு இது சில நாட்கள் நல்ல விலை கிடைக்கும் காலம். ஆனால் அதே விவசாயியின் வீட்டு அடுப்பைப் பார்த்தால் பல நாள் ரசமும் ஊறுகாயும்தான்.

ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு கிராமத்துக்குப் பயிற்சி நடத்தப் போயிருந்தேன். அரை ஏக்கரில் கத்தரி போட்டிருந்த ஒரு அக்கா, பறித்த காய் அத்தனையையும் மூட்டை கட்டி வண்டியில் ஏற்றிவிட்டு, மதியச் சமையலுக்குக் கடையில் கால் கிலோ தக்காளியும் நாலு உருளைக்கிழங்கும் வாங்கிக்கொண்டு வந்தார். "வேலியிலேயே அவரை காய்ச்சுத் தொங்குதே அக்கா" என்றேன். "அதைப் பறிச்சு நார் உரிக்க நேரம் ஏது சார், பிள்ளைங்களும் உருளைக்கிழங்குதான் கேக்குது" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. நாற்று நடவும் களையெடுப்பும் சேர்ந்து வரும் மாதங்கள் இவை. ஆனாலும் விளைவிக்கிறவர் வீட்டிலேயே காய் இல்லாமல் போவதை அப்படியே விட்டுவிட முடியாது.

2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. இரண்டு பெண்களில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட உணவு வழிகாட்டி, பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குக் கீரை உள்பட 400 கிராம் காய்கறி என்று சொல்கிறது. நாலு பேர் உள்ள வீட்டுக்கு 1.6 கிலோ. இதை மழைக்கால விலைக்கு வாங்கிக் கட்டுப்படியாகாது. கொல்லையிலிருந்து பாதி வந்தாலே பெரிய விஷயம்.

பருவம் பார்த்து உலை வைப்பது

முதலில் மாற்ற வேண்டியது யோசிக்கும் முறையை. இன்று சாம்பார், அதற்குத் தக்காளி வாங்க வேண்டும் என்று தொடங்கினால் கடைக்குத்தான் போவோம். இன்று கொல்லையில் என்ன இருக்கிறது, அதை எப்படிச் சமைக்கலாம் என்று தொடங்கினால் பாதிச் செலவு குறைந்துவிடும். இது ஒன்றும் புதிய யோசனை இல்லை. மார்கழித் திருவாதிரைக்குக் களியோடு வைக்கும் ஏழுகறிக் குழம்பை நினைத்துப் பாருங்கள். பூசணி, அவரை, மொச்சை, வாழைக்காய், சர்க்கரைவள்ளி, சேனை, சிறுகிழங்கு. ஊருக்கு ஊர் ஒன்றிரண்டு மாறும். ஆனால் அத்தனையும் அந்த மாதத்தில் நம் மண்ணில் கிடைப்பவை. தக்காளியும் காரட்டும் அதில் இல்லாமலே குழம்பு மணக்கிறது. திருவாதிரைக்கு ஒரு நாள் செய்வதை மூன்று மாதத்துக்கு நீட்டித்தால் போதும்.

அவரை

இந்தப் பருவத்தின் முதல் காய் அவரைதான். பந்தல் அவரை பகல் நேரம் குறையும்போதுதான் பூக்கும். சித்திரையில் ஊன்றினாலும் ஆடியில் ஊன்றினாலும் பூப்பது ஐப்பசிக்குப் பிறகே. அதனால்தான் மற்ற காய்கள் குறையும் நேரத்தில் இது கொடியெல்லாம் காய்க்கிறது. பகல் நீளத்தைப் பார்க்காத குத்து அவரை ரகங்களை ஆண்டு முழுவதும் போடலாம்; ஆனால் வேலியில் ஏறும் கொடி அவரைக்கு உள்ள ருசி அதில் இல்லை என்பது என் கட்சி.

விதை புடைக்கும் முன் பிஞ்சாகப் பறித்தால் நார் அதிகம் இருக்காது. முதலில் கழுவிவிட்டு, பிறகு நறுக்குங்கள். நறுக்கிய பின் தண்ணீரில் போட்டு வைத்தால் வைட்டமின் சி கரைந்து போகும். காய் மூழ்கும் அளவு தண்ணீர் தேவையில்லை. கையளவு தெளித்து மூடி வேகவிட்டு, மிஞ்சும் தண்ணீரை ரசத்தில் சேர்த்துவிடுங்கள். வறுத்த நிலக்கடலையைப் பொடித்துக் கடைசியில் தூவினால் தேங்காய் இல்லாத நாளிலும் பொரியல் நன்றாக இருக்கும்.

முற்றிவிட்ட காயைத் தூக்கிப் போட வேண்டாம். விதையை உரித்து மொச்சை போலவே குழம்பு வைக்கலாம். இரண்டும் ஒரே இனம்தான். காய்ந்த மொச்சையை மட்டும் இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நன்றாகக் குழைய வேகவைக்க வேண்டும். அரைவேக்காடு ஆகாது.

பனி இறங்கியதும் அவரைக் கொழுந்தில் அசுவினி மொய்க்கும். நுனியைக் கிள்ளி எறிந்தாலே பாதி போய்விடும். மீதிக்கு 5 சத வேப்பங்கொட்டைக் கரைசல் போதும். அரை கிலோ பருப்பை இடித்து ஊறவைத்து வடிகட்டி, 10 லிட்டராக ஆக்கிக்கொள்ளுங்கள்.

கீரை

மழையில் கீரைப் பாத்தி தண்ணீர் தேங்கி அழுகுவதால் பலர் தை வரைக்கும் கீரையையே மறந்துவிடுகிறார்கள். தரையில் வளரும் கீரை போனால் மரத்தில் உள்ள கீரை இருக்கிறது. முருங்கைக்காய் இந்த மாதங்களில் அரிது. இலை அப்படி இல்லை. 100 கிராம் முருங்கைக்கீரையில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு. மரத்தை இடுப்பளவுக்கு மேல் வெட்டிவிட்டு வளர்த்தால் ஏணி இல்லாமலே பெண்கள் பறிக்கலாம். மழைக்குப் பின் கம்பளிப்புழு அடிமரத்தில் கூட்டமாக ஒட்டியிருக்கும். தீப்பந்தத்தைப் பட்டை கருகாமல் காட்டி அழித்துவிடுங்கள். சமைக்கிற மரத்துக்கு மருந்து அடிக்க வேண்டாம். கையில் பட்டால் அரிக்கும், குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள்.

அகத்தி, வேலியோரப் பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி இவையும் மழையைத் தாங்கும். பொன்னாங்கண்ணி போன்ற தாழ்ந்த கீரைகளில் சேறு தெறித்திருக்கும். வாய் அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, கீரையை முழுசாகப் போட்டு அலசி மேலே எடுங்கள். அடியில் மண் தங்குவது நிற்கும் வரை, குறைந்தது மூன்று முறை. மழைக்காலத்தில் எந்த இலையையும் பச்சையாகச் சாப்பிட வேண்டாம்.

கீரையில் உள்ள இரும்புச்சத்து தானாக உடம்பில் சேர்ந்துவிடாது. கூடவே புளிப்பான, வைட்டமின் சி உள்ள ஏதாவது வேண்டும். அடுப்பிலிருந்து இறக்கிய பின் அரை மூடி எலுமிச்சை பிழியலாம், அல்லது சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காய் வைத்துக்கொள்ளலாம். ஒரு கரண்டி எண்ணெயில் தாளித்தால் கீரையின் வைட்டமின் ஏ சத்தும் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பது இரும்புச்சத்தைத் தடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். களத்து வேலையில் இருக்கும் பெண்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்; கேட்பவர்கள் குறைவு. பச்சை நிறம் மாறாமல் இருக்கச் சோடா உப்பு போடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

கிழங்கும் பூசணியும்

புயல் அடித்து நாலு நாள் பாதை அடைபட்டாலும் மண்ணுக்குள் இருக்கும் கிழங்குக்கு ஒன்றும் ஆகாது, தண்ணீர் தேங்காத வரை. ஆனியில், ஆடியில் நட்ட சர்க்கரைவள்ளி நாலு மாதத்தில், அதாவது ஐப்பசி கார்த்திகையில் தயார். தண்ணீர் நிற்கும் இடமாக இருந்தால் கனமழைக்கு முன்பே தோண்டிவிடுங்கள். இட்லிப் பானையில் தோலோடு வேகவைத்தால் காலைப் பலகாரமாகவே ஆகிவிடும். உருளைக்கிழங்கு கேட்கும் பிள்ளைகளுக்கு இதை வட்டமாக நறுக்கி, மிளகாய்த்தூள் தடவித் தோசைக்கல்லில் போட்டுக் கொடுத்துப் பாருங்கள். திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் சிறுகிழங்கு மார்கழி கடைசியில் வரும். அதைச் சாக்கில் போட்டுத் தேய்த்தால் தோல் சுலபமாகப் போகும்.

சேனை நறுக்கும்போது கை அரிப்பது அதில் உள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிகளால். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நறுக்கி, புளித் தண்ணீரில் வேகவைத்துக் கொட்டினால் நாக்கு அரிக்காது. மரவள்ளியைத் தோல் நீக்கி, துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் திறந்து வேகவைத்து வடித்துவிட வேண்டும். கசக்கிற கிழங்கைச் சாப்பிடவே வேண்டாம், மாட்டுக்கும் போட வேண்டாம்.

புரட்டாசியில் முற்றிய பூசணியை இரண்டு விரல் அளவு காம்போடு அறுத்து, அடிபடாமல், தரையில் படாமல் பரணில் வைத்தால் தை வரைக்கும் வரும். வெள்ளைப்பூசணியும் அப்படியே. வாரம் ஒருமுறை புரட்டிப் பாருங்கள், மெத்தென்று ஆன காயை முதலில் எடுத்துவிடுங்கள். காற்றில் சாய்ந்த வாழையையும் வீணாக்க வேண்டாம். தண்டு, பூ, காய் மூன்றுமே நாலு நாள் சமையல்.

தக்காளி இல்லாத குழம்பு

தக்காளி வருவதற்கு முன்பும் இங்கே குழம்பு கொதித்தது. புளி இருக்கிறது. வெள்ளைப்பூசணி மோர்க்குழம்புக்குப் புளியும் வேண்டாம். புளிச்சகீரைக் கடையலுக்கும் வேண்டாம். பருப்போடு நெல்லிக்காயைச் சேர்த்து வேகவைத்தால் ரசத்துக்குத் தக்காளி இல்லாத குறை தெரியாது. காய் எதுவும் அகப்படாத அடைமழை நாளுக்கு, கோடையில் போட்ட சுண்டைக்காய், மணத்தக்காளி, கொத்தவரை வற்றல்கள் இருக்கின்றன. மழை விட்டு வெயில் அடிக்கும் நாளில் அவற்றை ஒருமுறை எடுத்துக் காயவையுங்கள். பூஞ்சை பூத்த வற்றலையும் நிலக்கடலையையும் துடைத்துப் பயன்படுத்த வேண்டாம், எறிந்துவிடுங்கள்.

மருந்து அடித்த காய்

விற்பனைக்குப் போட்ட வயலிலிருந்துதான் பல வீடுகளில் சமையலுக்கும் காய் எடுக்கிறார்கள். தவறில்லை. ஆனால் நேற்று மருந்து அடித்த பாத்தியில் இன்று காய் பறிப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு பூச்சிமருந்துக்கும் அடித்த பின் எத்தனை நாள் கழித்து அறுவடை செய்ய வேண்டும் என்று டப்பாவோடு வரும் தாளில் அச்சடித்திருக்கும். அதைப் பார்த்து, மருந்து அடித்த தேதியைச் சமையலறைக் காலண்டரில் குறித்து வையுங்கள். காய் பறிக்கிறவர் அங்கேதான் பார்ப்பார். செடிக்குள் ஊடுருவும் மருந்தாக இருந்தால் உப்புத் தண்ணீரில் கழுவினாலும் போகாது. நம் வீட்டுக்கு ஆகாத நாளில் பறித்த காய், வாங்குகிறவர் வீட்டுக்கும் ஆகாது.

இப்போது விதைக்க

கார்த்திகையில் மழை சற்று ஓய்ந்ததும் மேட்டுப்பாத்தி பிடித்து வெந்தயம் தூவினால் 25 நாளில் கீரை. கொத்தமல்லி 40 நாளில் தழை. விதையை லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்துவிட்டு விதையுங்கள். முள்ளங்கி 45 நாளில் கிழங்கு, அதற்கு முன்பே இளந்தழையைப் பறித்துப் பருப்போடு கடையலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் தூவாமல் பத்து நாளுக்கு ஒரு பாத்தி என்று பிரித்துப் போட்டால் தை கடைசி வரை பறித்துக்கொண்டே இருக்கலாம். பாத்தியை அடுப்படிக் கதவிலிருந்து பார்த்தால் தெரியும் இடத்தில் போடுங்கள். தூரத்தில் இருந்தால், உலை கொதிக்கும் நேரத்தில் யாரும் நடந்து போய்ப் பறிப்பதில்லை.