குட்டி நாயை எவ்வளவு நேரம் நடக்க வைக்கலாம்?

உங்களுக்குத் தெரியுமா?

லாப்ரடார் குட்டியின் கால் எலும்பு நுனிகளில் மென்மையான குருத்தெலும்புத் தட்டுகள் இருக்கின்றன. எலும்பு நீள்வது அங்கேதான். அவை இறுகி மூட ஏறக்குறைய ஒரு வயதாகும். மிகப் பெரிய இனங்களுக்கு ஒன்றரை வயதுகூட ஆகலாம்.

அதனால், வயதில் ஒவ்வொரு மாதத்துக்கும் 5 நிமிட நடை, அதாவது 4 மாதக் குட்டிக்கு 20 நிமிடம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். இதற்கு உறுதியான ஆய்வுச் சான்று இல்லை. நேரத்தைவிட, குட்டி எங்கே, எப்படி ஓடுகிறது என்பதே முக்கியம்.

நார்வேயில் லாப்ரடார் உள்ளிட்ட நான்கு பெரிய இனக் குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து, 2012-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மூன்று மாத வயதுக்குள் தினமும் மாடிப்படி ஏறி இறங்கிய குட்டிகளுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு அதிகம் வந்தது. மெத்தென்ற, மேடுபள்ளமான தரையில் கயிறில்லாமல் திரிந்தவற்றுக்குக் குறைவு. ஆகவே மண்ணிலும் புல்லிலும் அதன் இஷ்டத்துக்கு ஓடட்டும், மோந்து பார்க்கட்டும். தார்ச்சாலையில் உங்களோடு ஜாகிங்குக்கு இழுத்துப்போவது வேண்டவே வேண்டாம்!

நடுவழியில் உட்கார்ந்துவிட்டால் அது பிடிவாதமாக இல்லாமல் களைப்பாகவும் இருக்கலாம். தூக்கிக்கொள்ளுங்கள். ஆனால் பார்வோ வைரஸ் நோய்க்கான தடுப்பூசிகள் முடியும்வரை தெருவில் இறக்காமல் வீட்டிலேயே விளையாட விடுங்கள்.