நம் குரலையும் நம் வானத்தையும் அறிந்த வானொலி

வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். இரண்டுக்கும் நடுவே, முந்திரிக் காடுகளுக்கு மத்தியில் இருக்கிறது அரியலூர் மாவட்டத்தின் ஆண்டிமடம். 2011 டிசம்பர் 30 அன்று கடலூர் அருகே கரை கடந்தது தானே புயல். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கரையேறியது கஜா. இரண்டு புயலிலும் மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்ததை இந்தப் பகுதி மக்கள் மறக்க மாட்டார்கள். மின்சாரம் நின்று, பேட்டரியும் தீர்ந்துவிட்டால் செல்பேசிக் கோபுரத்தால் பயனில்லை.

அந்த நேரத்திலும் ஆண்டிமடத்திலிருந்து சென்னையுடன் பேச ஒரு வழி உண்டு. ஒரு கார் பேட்டரி, ஒரு சிறிய வானொலிப் பெட்டி, இருபது மீட்டர் செம்புக் கம்பி, அரசு உரிமம் பெற்ற ஒரு ஹாம் (அமெச்சூர்) வானொலியாளர்: இவ்வளவு போதும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அந்தமானைத் தாக்கியபோது, போர்ட் பிளேரில் ஹாம் நிலையம் நடத்திக்கொண்டிருந்த பாரதி பிரசாத் அப்படித்தான் தீவுகளின் செய்திகளை வெளியுலகுக்கு அனுப்பினார்.

இந்த வானொலிப் பேச்சு இப்போது டிஜிட்டலுக்கு மாறிவருகிறது. அந்த மாற்றத்தில் யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்த்துத் திருத்தக்கூடிய திறந்த மூலத் தொழில்நுட்பம் ஒன்று வளர்ந்துள்ளது. அதைத் தமிழ்க் குரலுக்கும் தமிழக வானத்துக்கும் ஏற்றதாக்கும் வேலை நமக்காகக் காத்திருக்கிறது.

பூட்டிய பெட்டி

ஹாம் வானொலியாளர்களுக்கு டிஜிட்டல் குரல் புதிதல்ல. ஜப்பான் அமெச்சூர் வானொலிக் கழகம் உருவாக்கிய டி-ஸ்டார், ஐரோப்பியத் தர அமைப்பு வகுத்த டிஎம்ஆர், யேசு நிறுவனத்தின் சிஸ்டம் ஃப்யூஷன் ஆகியவை பல நாடுகளில் புழக்கத்தில் உள்ளன. இவை மூன்றிலும் குரலைச் சுருக்கும் பகுதி, அமெரிக்க நிறுவனம் ஒன்றின் ஏஎம்பிஇ என்ற தனியுரிமைத் தொழில்நுட்பம். அது சில்லாகவோ உரிமம் பெற்ற மென்பொருளாகவோ வரும். உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பயன்படுத்துபவர் பார்க்க முடியாது.

ஒவ்வொரு உறுப்பையும் கழற்றிப் பார்த்துக் கற்றுக்கொள்வதற்காகவே அமெச்சூர் வானொலி இருக்கிறது. ஏழாயிரம் ரூபாய்ப் பெட்டியானாலும் எழுபதாயிரம் ரூபாய்ப் பெட்டியானாலும், அதன் மையத்தில் ஒரு பூட்டு இருப்பது அந்த நோக்கத்துக்கே எதிரானது. இதை உரக்கச் சொன்னவர் திறந்த மூல இயக்க முன்னோடியும் ஹாம் வானொலியாளருமான புரூஸ் பெரன்ஸ். அவருடைய தூண்டுதலால் வேலையில் இறங்கினார் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் வசிக்கும் பொறியாளர் டேவிட் ரோ. 1990களில் முனைவர் பட்டத்துக்காக அவர் ஆராய்ந்ததே குரலைச் சுருக்கும் கணிதம்தான். அந்த அடிப்படையில் 2009-10இல் ‘கோடெக் 2’ பிறந்தது. அதை வானொலியில் ஓட்டும் ‘ஃப்ரீடிவி’ மென்பொருள் 2012இல் வெளிவந்தது. இரண்டின் மூல நிரலையும் எவரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

700 பிட்டில் ஒரு குரல்

சாதாரணத் தொலைபேசி இணைப்பில் குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டில் எழுதுகிறார்கள். ஆக, நொடிக்கு 64,000 பிட். கோடெக் 2 தன் மிகப் பெரிய வடிவத்திலேயே 3,200 பிட்தான் கேட்கிறது. அதன் 700சி வடிவத்துக்கு நொடிக்கு 700 பிட் போதும். தொலைபேசிக்குத் தேவைப்படுவதில் ஏறத்தாழ தொண்ணூற்றில் ஒரு பங்கு!

இது எப்படி முடிகிறது? நாதஸ்வரத்தில் சீவாளி அதிர்கிறது. குழல் அந்த அதிர்வுக்கு வடிவம் கொடுக்கிறது. மனிதக் குரலும் அப்படியே. குரல்நாண் அதிர்கிறது, தொண்டை, நாக்கு, உதடு, மூக்கு எல்லாம் சேர்ந்து அதை ‘அ’ என்றும் ‘இ’ என்றும் ‘ம’ என்றும் ஆக்குகின்றன. ஆகவே ஒலியலையை அப்படியே அனுப்பத் தேவையில்லை. சுருதி எவ்வளவு, சத்தம் எவ்வளவு, எந்தெந்த அதிர்வெண் ஓங்கியிருக்கிறது என்ற குறிப்புகளை அனுப்பினால், மறுமுனைக் கணினி அந்தக் குரலை மீண்டும் கட்டியெழுப்பிவிடும்.

700சி ஒவ்வொரு 40 மில்லிநொடிக்கும் 28 பிட் எழுதுகிறது. சுருதிக்கு 6, சத்தத்துக்கு 4, மீதி 18 பிட் ஒலியின் வடிவத்துக்கு. அந்த வடிவத்தை அது புதிதாக வரைவதில்லை. 512 வார்ப்புகள் கொண்ட இரண்டு பட்டியல்களிலிருந்து மிக நெருங்கியவற்றைத் தேர்ந்து, அவற்றின் வரிசை எண்ணை மட்டும் அனுப்புகிறது. பட்டியல், பதிவுசெய்த பேச்சைக் கொண்டு முன்பே பயிற்றுவித்து உருவாக்கப்பட்டது. தமிழுக்கான கேள்வி இங்கேதான் எழுகிறது.

பழூரா, பழுவூரா?

‘ழ’ என்று சொல்லும்போது நாக்கு பின்னோக்கி வளைகிறது. அப்போது ஒலியின் மூன்றாவது அதிர்வெண் முகடு கீழே இறங்கி இரண்டாவதை நெருங்குகிறது. ‘ல’, ‘ள’ ஆகியவற்றிலிருந்து ழகரத்தைக் காது பிரித்தறிய அது முக்கியமான அடையாளம். பயிற்சிக் குரல்களில் இத்தகைய ஒலி குறைவாக இருந்தால், பட்டியலில் அதற்கு நெருங்கிய வார்ப்பும் குறைவாகவே இருக்கும். அடுத்து, க, ட, ப போன்ற வல்லின ஒலிகள் வெடித்து வெளிப்படும் நேரம் 40 மில்லிநொடியைவிடச் சிறியது. அந்தக் கூர்மை சற்றே மழுங்கக்கூடும்.

இதை ஏட்டுச் சிக்கல் என்று தள்ளிவிட முடியாது. அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடக் கரைப் பக்கம் தா.பழூர் இருக்கிறது. மாவட்டத்தின் வேறொரு பக்கத்தில் கீழப்பழுவூரும் மேலப்பழுவூரும் இருக்கின்றன. வெள்ள நேரத்தில் மீட்புப் படகு எங்கே போக வேண்டும் என்று வானொலியில் சொல்லும்போது, இந்தப் பெயர்கள் ஒன்றோடொன்று குழம்பவே கூடாது. பூட்டிய சில்லாக இருந்தால் குறையைச் சகித்துக்கொள்வதைத் தவிர வழியில்லை. திறந்த நிரலில், தமிழ்ப் பேச்சைக் கொடுத்து வார்ப்புப் பட்டியலையே மறுபடி பயிற்றுவிக்கலாம்.

நம் தலைக்கு மேலே உள்ள வானம்

குரலைச் சுருக்குவது பாதி வேலை. மீதிப் பாதி, அந்த பிட்களைச் சேதமில்லாமல் வானத்தில் அனுப்புவது. கையடக்க விஎச்எஃப் (மிகை உயர் அதிர்வெண்) கருவியின் அலை ஏறக்குறைய பார்வை எட்டும் தொலைவுக்கே போகும். 7 மெகாஹெர்ட்ஸ் அலை வேறு மாதிரி. தாழ்வாகக் கட்டிய கம்பியிலிருந்து செங்குத்தாக மேலே போகும் அந்த அலையை, சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் உள்ள அயனி மண்டலம் கீழே திருப்பி அனுப்புகிறது. பகலில் ஆண்டிமடத்தைச் சுற்றி முந்நூறு கிலோமீட்டர் வட்டம் முழுவதும், சென்னை, மதுரை உட்பட, அது மழைபோல இறங்கும்.

அந்த அலை ஒரே வழியில் வருவதில்லை. பல வழிகளில், சற்று முன்னும் பின்னுமாக வந்து ஒன்றையொன்று அழிக்கிறது. 700சி குரலை வானில் ஏற்றும் ஃப்ரீடிவி 700டி வடிவம் இதைச் சமாளிக்க, பிட்களை ஒரே அலையில் வேகமாக ஏற்றாமல், அருகருகே உள்ள பல அலைகளில் மெதுவாகப் பிரித்து ஏற்றுகிறது. கூடவே பிழை திருத்தும் பிட்களையும் சேர்க்கிறது. இரைச்சலின் ஆற்றல் குறிப்பலையைப்போல் ஒன்றரை மடங்கு இருந்தாலும் பேச்சை மீட்கும்படி அதை வடிவமைத்திருக்கிறார்கள். அது பிடிக்கும் அலைவரிசை அகலமோ ஏறத்தாழ 1,000 ஹெர்ட்ஸ். ஹாம் வானொலியில் வழக்கமான எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டை) என்ற அனலாக் குரலுக்கு ஆவதில் பாதிகூட இல்லை.

ஆனால், நம் வானம் அடிலெய்டின் வானம் அல்ல. பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் முனையை ஒட்டிச் செல்கிறது. 1963இல் தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைந்ததற்கும், திருநெல்வேலியில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் ஆய்வகம் நடத்துவதற்கும் அதுவே காரணம். சூரியன் மறைந்த பிறகு இந்தப் பகுதியின் அயனி மண்டலத்தில் கொந்தளிப்பு ஏற்படுகிறது. வானொலி அலை படபடவென்று ஏறி இறங்குகிறது. இப்படி வேகமாக மாறும் வழிக்காகவே 700இ என்ற வடிவம் பின்னர் வந்தது. மார்கழி மாலையில் அரியலூருக்கும் நாகைக்கும் இடையே அது எப்படி நடந்துகொள்ளும் என்பதை இங்கிருந்து அளந்தால்தான் சொல்ல முடியும்.

டிஜிட்டல் குரலுக்கு ஒரு குணம் உண்டு. எல்லை தாண்டும்வரை தெளிவாகக் கேட்கும். தாண்டிவிட்டால் சட்டென்று அறுந்துவிடும். எஸ்எஸ்பி குரலோ தேய்ந்து தேய்ந்து மறையும். பழகிய காது இரைச்சலுக்குள்ளும் ஓரிரு சொல்லைப் பிடித்துக்கொள்ளும். எனவே பேரிடர் நேரத்தில் இரண்டும் கைவசம் இருக்க வேண்டும்.

கைகளும் கருவிகளும்

திறந்த மூல டிஜிட்டல் குரல் வேலை வேகமாக நகர்கிறது. விஎச்எஃப் கருவிகளுக்காகப் போலந்தைச் சேர்ந்த வோய்ச்சேக் காச்மார்ஸ்கி 2019இல் எம்17 என்ற திறந்த முறையைத் தொடங்கினார். அதிலும் குரலைச் சுருக்குவது கோடெக் 2தான். 2024இல் டேவிட் ரோ, ஒலி வல்லுநர் ஜான்-மார்க் வாலின் உருவாக்கிய நரம்பு வலைப்பின்னல் நுட்பத்தைச் சேர்த்து, ‘ரேட்’ என்ற புதிய முறையைச் சோதனைக்குக் கொண்டுவந்தார். குரலைச் சுருக்குவதையும் அலையில் ஏற்றுவதையும் கணினி ஒன்றாகக் கற்றுக்கொள்ளும் முறை இது. கற்பது கணினி என்றால், அது எந்த மொழிப் பேச்சைக் கேட்டுக் கற்கிறது என்பது இன்னும் முக்கியமாகிறது.

கருவி விலை எட்டாக்கனி என்று நினைக்க வேண்டாம். ஐதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான், இந்தியக் கடைகளில் கிடைக்கும் சாதாரண உதிரிகளைக் கொண்டே செய்யக்கூடிய பிட்எக்ஸ் என்ற வானொலிப் பெட்டியை வடிவமைத்து, வரைபடத்தை உலகத்துக்கே திறந்து வைத்தார். சுருள் சுற்றத் தண்ணீர்க் குழாய் வாசரைக்கூடப் பயன்படுத்தியவர் அவர். அந்த வரிசையில் வந்த பெட்டிகளைப் பல நாடுகளில் கட்டியிருக்கிறார்கள். எஸ்எஸ்பி பெட்டி ஒன்றும் கணினி ஒன்றும் இருந்தால் ஃப்ரீடிவி ஓடும்.

வானில் பேச மத்திய தொலைத்தொடர்புத் துறையின் தேர்வில் தேறி உரிமம் பெற வேண்டும். 12 வயது நிரம்பினால் தேர்வு எழுதலாம். எந்த வகை ஒலிபரப்புக்கு அனுமதி என்பதையும் உரிமத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால், தமிழ்க் குரலைச் சோதிக்க இவை எதுவும் வேண்டாம். ஒரு பழைய கணினியில் கோடெக் 2 நிரலை இறக்குங்கள். ஆண்டிமடம், விளந்தை, உடையார்பாளையம், தா.பழூர், கீழப்பழுவூர் என்று ஊர்ப் பெயர்களை ஆண், பெண், முதியவர், சிறுவர் குரல்களில் பதிவுசெய்யுங்கள். 700 பிட்டுக்குச் சுருக்கி, மீட்டு, என்ன பெயர் என்று தெரியாத ஒருவரைக் கேட்கச் செய்து எழுத வையுங்கள். எத்தனை பெயர் சரி, எந்த எழுத்து எதுவாக மாறியது என்று பட்டியலிட்டு, நிரலை எழுதியவர்களுக்கு அனுப்புங்கள். பிளஸ் டூ இயற்பியல் மாணவர்கள் ஒரு பருவத்தில் முடித்துவிடக்கூடிய ஆய்வு இது.

அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் அறிவியல் ஆசிரியர்களும் கல்லூரிகளும் இதைத் தொடங்க வேண்டும். நிரல் திறந்திருக்கிறது. அதற்குள் தமிழைச் சேர்க்கும் பொறுப்பு தமிழ் பேசும் நம்முடையது. அடுத்த புயலுக்கு முன்பே அதைச் செய்து முடிப்போம்.