சத்திரசிகிச்சைக்குப் பின் சுவாசம்

இதய சத்திரசிகிச்சை என்றதும் வைத்திய நிபுணரின் கைகளையே நினைக்கிறோம். அதன்பின் நோயாளியை மீண்டும் தானாக மூச்சுவிடப் பழக்குவோரைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அமெரிக்காவில் இவர்களைச் சுவாச சிகிச்சையாளர் என்பர். 1947 இலேயே அங்கு இவர்களுக்கொரு சங்கம் தோன்றியது. நம் நாட்டில் இப்பணியைப் பெரும்பாலும் இயன்மருத்துவர்களும் அதிதீவிர சிகிச்சைப் பிரிவுத் தாதியரும் வைத்தியர்களுடன் சேர்ந்து செய்கின்றனர்.

இதயத்துக்குச் சிகிச்சை செய்தால் நுரையீரலுக்கு ஏன் கவனிப்பு? வால்வு மாற்றும்போது பொதுவாக இதயத்தை நிறுத்திவைப்பர். இதயத்தினதும் நுரையீரலினதும் வேலையை ஓர் இயந்திரம் ஏற்கும். 1953 மே 6 அன்று பிலடெல்பியாவில் ஜோன் கிப்பன் முதன்முதலில் வெற்றிகரமாகப் பயன்படுத்திய இயந்திரத்தின் வழிவந்தது அது. அவ்வேளையில் நுரையீரல் சுருங்கிக் கிடப்பதால் சில காற்றுச் சிற்றறைகள் மூடிக்கொள்ளும். பின்னர் மார்பெலும்பின் வலியால் நோயாளி ஆழமாக மூச்செடுக்கவும் இருமவும் அஞ்சுவார். சளி தேங்கினால் நியூமோனியா வரலாம்.

முதல் சில மணித்தியாலங்கள் வாதனாளியில் இட்ட குழாய் வழியே இயந்திரம் சுவாசம் கொடுக்கும். குருதியில் ஒட்சிசனையும் காபனீரொட்சைட்டையும் அளந்து, நோயாளி நன்கு விழித்ததும் அதன் உதவியைப் படிப்படியாகக் குறைப்பர். தாமதித்தால் தொற்று ஏற்படலாம். அவசரப்பட்டால் மறுபடி குழாய் இட நேரலாம். சரியான நேரத்தைக் கணிப்பதே இங்கு திறமை.

அதன்பின் நோயாளியின் முறை. மூன்று பந்துகள் கொண்ட சிறு கருவியில் காற்றை மெதுவாக உள்ளிழுத்துப் பந்துகளை உயர்த்த வேண்டும். தலையணையை மார்போடு அணைத்தபடி இரும வேண்டும். எழுந்து உட்காரவும் நடக்கவும் விரைவிலேயே பழக்குவர்.

என் மாமாவுக்கு வால்வு மாற்றியபோது, அவர் வலியோடு இருமுவதைப் பார்க்கப் பொறுக்காமல் மாமி, "மிஸ், அவர் கொஞ்சம் படுத்திருக்கட்டுமே" என்றார். "படுத்தே இருந்தால் சளி இறங்கிவிடும். நீங்களே தலையணையைப் பிடித்துக்கொடுங்கள்" என்றார் இயன்மருத்துவர். அன்று முதல் மாமியே மாமாவுக்குப் பயிற்சி கொடுத்தார்.

வீட்டுக்கு வந்த பிறகும் கவனம் தேவை. கந்தப்பளை 6,000 அடிக்கு மேல் உள்ளது. காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். மூச்சில் கிடைக்கும் ஒட்சிசனும் அந்த அளவுக்குக் குறைவு. ஆகவே மேட்டுப்பாதையில் நின்று நின்று ஏறட்டும். விறகடுப்புப் புகையும் சிகரெட் புகையும் அவரை அண்டக்கூடாது. வைத்தியர் அனுமதிக்கும்வரை தண்ணீர்க் குடமோ விறகுக்கட்டோ தூக்கக்கூடாது. காய்ச்சல், மூச்சுத்திணறல், நிறம் மாறிய சளி கண்டால் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

உயிரியல் பிரிவுத் தங்கைகளே, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இயன்மருத்துவம் பட்டப்படிப்பாகவே உண்டு. மார்பில் கைவைத்துச் செய்யும் இச்சிகிச்சைக்குப் பெண் நோயாளிகள் பலர் பெண் ஒருவரையே விரும்புவர். மகள் வைத்தியராக வேண்டும் என்று மட்டும் கனவு காணும் பெற்றோர் இதையும் எண்ணிப் பார்க்கலாம்.