இடிபடுவதற்குள் பார்த்துவிடுங்கள்: வியட்நாமின் பழைய கோயில்கள்

வியட்நாம் போகும் கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் சைகோனின் செங்கல் பேராலயத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். 1880-இல் கட்டி முடித்த கோயில் அது. செங்கல்கூட மார்செய் நகரிலிருந்து கப்பலில் வந்தது. அழகான கட்டடம்தான், ஆனால் அழகு முழுவதும் பிரான்சுடையது. வியட்நாமியர் தங்கள் விசுவாசத்துக்குத் தாங்களே கட்டிக்கொண்ட வீட்டைப் பார்க்க வேண்டுமானால் வடக்கே ஃபாட் ஸியெம் போக வேண்டும்.

கடலிடமிருந்து 19-ஆம் நூற்றாண்டில் மீட்டெடுத்த சேற்று நிலம் அது. அந்த ஊர்ப் பங்குச் சாமியார் திரான் லுக், மூங்கில்களைச் சேற்றுக்குள் அடித்திறக்கி நிலத்தை இறுக்கினார். தான் ஹோவா மாகாணத்திலிருந்து கல்லும் நே ஆன் மாகாணத்திலிருந்து மரமும் நீர்வழியாக வந்தன. 1875-இல் தொடங்கிய வேலை, 1899-இல் அவர் கண்மூடும்வரை நடந்தது. 1891-இல் எழுந்த பேராலயத்துக்குள் ஆறு வரிசைகளில் லிம் மரத் தூண்கள் நிற்கின்றன. நடுவில் உள்ளவை சுமார் 11 மீட்டர் உயரம், ஒவ்வொன்றும் ஒரே மரம். கூரை, வியட்நாம் கிராமங்களின் பொதுமண்டபக் கூரைபோல அடுக்கடுக்காக, முனை வளைந்து மேலேறுகிறது. முன்னால் உள்ள கல் கோபுரத்தில் மணியோடு பெரிய முரசும் உண்டு. பக்கத்தில் சுவர், தூண், பீடம் எல்லாமே கல்லாலான மாதா சிற்றாலயம். அதன் கல்லில் மூங்கில், தேவதாரு, சாமந்தி எல்லாம் செதுக்கியிருக்கிறார்கள். செதுக்கிய தச்சர்களுக்கும் கல்தச்சர்களுக்கும் கை பழகிய உருவங்கள் அவை. தெரிந்ததைக் கொண்டுவந்து சாமிக்குக் கொடுத்திருக்கிறார்கள். 1972-இல் குண்டு விழுந்து சேதமான பிறகும் அந்த மக்கள் அதைச் செப்பனிட்டுக் காப்பாற்றினார்கள்.

தெரிந்ததைச் சாமிக்குக் கொடுக்கும் இந்த மனசுதான் என்னைப் போன்றவர்களை அந்த நாட்டின் பக்கம் இழுக்கிறது. சந்திரப் புத்தாண்டான டெட் பண்டிகையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் பூசை புது வருடத்தின் சமாதானத்துக்கு. இரண்டாம் நாள் முன்னோருக்கும் பெற்றோருக்கும். மூன்றாம் நாள் செய்யும் தொழிலுக்கு. பூத்த கிளையில் வேதவசனச் சீட்டுகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். குடும்பம் குடும்பமாக வந்து ஆளுக்கொன்று பறித்துப்போவார்கள். புத்தாண்டில் அதிர்ஷ்டத்துக்காகத் தளிர் பறிக்கும் பழைய வழக்கம் இப்படி ஞானஸ்நானம் பெற்றிருக்கிறது. மே மாதம் முழுக்கச் சிறுமிகள் நீள அங்கி உடுத்தி மாதாவுக்குப் பூ எடுப்பார்கள். வேத கலாபனைக்குப் பயந்து மக்கள் காட்டில் ஒளிந்திருந்த 1798-இல் மாதா தோன்றியதாக நம்பப்படும் லா வாங்கில், அவருடைய சொரூபத்துக்கும் அதே உடை, தலையில் வட்டமாகச் சுற்றிய முண்டாசு.

இந்த இணக்கம் சும்மா வந்துவிடவில்லை. முன்னோருக்கு ஊதுபத்தி ஏற்றக் கூடாது என்று 1742-இல் ரோமாபுரி தடை போட்டது. பெற்றோரை மறந்தவன் என்ற பழியோடுதான் கிறிஸ்தவன் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தான். வியட்நாமுக்கு அந்தத் தடை நீங்கியது 1964-இல்தான். இதற்கிடையில் விசுவாசத்துக்காக இரத்தம் சிந்தியவர்களில் 117 பேரை 1988-இல் புனிதர்களாக உயர்த்தினார்கள். அவர்களில் 96 பேர் மண்ணின் மைந்தர்கள். அந்த வரலாற்றில் நம் கடற்கரைக்கும் பங்குண்டு. அங்கிருந்து விரட்டப்பட்ட குருமடம் ஒன்று 1770-இல் புதுச்சேரி வீராம்பட்டினத்தில் தஞ்சம் புகுந்தது. அதை நடத்திய பிக்னோ தெ பெஹேன் வியட்நாமிய-இலத்தீன் அகராதியைத் தொகுத்தது அங்கேதான். 1774-இல் ஆயராக அபிஷேகம் பெற்றது மயிலாப்பூர் சாந்தோமில்.

இவ்வளவு சொன்னபிறகு என்னை அரிக்கும் கவலையையும் சொல்லியாக வேண்டும். வியட்நாமின் அந்தப் பழைய கோயில்கள் அழிந்துகொண்டிருக்கின்றன. நாம் தின் பகுதியின் புய் சூ பேராலயம் 1885-இல் எழுந்தது. அதை இடித்துப் புதிதாகக் கட்ட 2019-இல் ஏற்பாடானபோது கட்டடக் கலைஞர்கள் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். தேதி தள்ளிப்போனது. 2020-இல் இடித்தே விட்டார்கள். ஓட்டுக்கூரை ஒழுகுகிறது, காரை பெயர்ந்து விழுகிறது, ஜெபிக்கிற மக்கள் தலையில் விழுந்தால் யார் பொறுப்பு என்று பங்கு மக்கள் கேட்டார்கள்; நியாயமான கேள்வி. ஆனால் ஒழுகும் கூரையை மாற்றுவது வேறு, கோயிலையே பெயர்த்தெடுப்பது வேறு. பழைய சாயலில் எவ்வளவு பொருத்தமாகக் கட்டினாலும் கான்கிரீட் தூணில் அந்தத் தச்சனின் உளிபட்ட தடம் இருக்காது. போரிலும் கலாபனையிலும் தப்பித்தவை, கையில் நாலு காசு சேர்ந்த காலத்தில் விழுகின்றன. வெளிநாட்டில் குடியேறிய பிள்ளைகள் அனுப்பும் காணிக்கை புதிய கோபுரமாகத்தான் எழ வேண்டுமா? அந்தப் பணத்தில் பத்து மரவேலைக்காரர்களைப் பழக்கினால் ஒரு மறைமாவட்டத்தின் கூரைகள் நிலைக்கும்.

அரசாங்கக் கட்டுப்பாடு உள்ள நாட்டில் மதத்தை ரசிக்கப் போவதா என்று கேட்பவர்கள் உண்டு. கட்டுப்பாடு இருந்தாலும், அங்குள்ள சுமார் 70 லட்சம் கத்தோலிக்கர் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிடவில்லை.

போகிறவர்கள் மத்திய மலைநாட்டின் கொன் தும் மரக் கோயிலையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். பானா பழங்குடியினரின் தூண்வீட்டுப் பாணியில் 1918-இல் முடிந்த வேலை அது, இன்னும் நிற்கிறது. ஃபாட் ஸியெம், ஹனோயிலிருந்து தெற்கே சுமார் 120 கிலோமீட்டர். அதிகாலைப் பூசைக்கு முன் மக்கள் ராகம்போட்டு ஜெபம் சொல்வதைக் கேட்க வேண்டுமானால் முந்தின இரவே நின் பின் பக்கம் போய்த் தங்கிவிடுவது நல்லது. பகல்நேரச் சுற்றுலாப் பேருந்தில் போனால் கட்டடத்தை மட்டும்தான் பார்க்க முடியும்.