கல்லீரல் அறுவைக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

கல்லீரலில் தோன்றிய புற்றுநோய் உரிய காலத்தில் கண்டறியப்பட்டால் அதை வெட்டி அகற்ற முடியும் என்பதும், ஏழைக் குடும்பங்களுக்கு அதற்கான செலவை அரசின் காப்பீட்டுத் திட்டம் ஏற்கிறது என்பதும் புதிய செய்திகள் அல்ல. அப்படியிருந்தும் குத்தாலம் வட்டத்திலிருந்து தஞ்சாவூருக்கும் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் செல்லும் குடும்பங்களில் ஒரு பகுதி காலம் கடந்தும், மற்றொரு பகுதி தேவையான தாள்கள் இல்லாமலும், வேறு சில முன்பணம் கட்டிய பிறகு காப்பீட்டைப் பற்றி விசாரித்தும் அல்லற்படுவது தொடர்ந்து காணப்படுகிறது. இவற்றுள் பெரும்பாலானவை தவிர்க்கக்கூடியவை.

நலமான கல்லீரலுக்கு மீண்டும் வளரும் ஆற்றல் உண்டு. ஆகையால் அதன் கொள்ளளவில் ஏறத்தாழ முக்கால் பங்கு வரை அகற்றப்பட்டாலும் எஞ்சிய பகுதி சில வாரங்களில் பெருத்து உடலின் தேவையை ஈடுசெய்துவிடும். ஆனால் கல்லீரல் புற்றுநோய் பெரும்பாலும் நலமான ஈரலில் வருவதில்லை. மஞ்சள் காமாலை வைரசுகளான ஹெபடைடிஸ் பி, சி ஆகியவற்றாலோ, நீண்டகால மதுப்பழக்கத்தாலோ, நீரிழிவோடு சேர்ந்து வரும் கொழுப்பேறிய ஈரலாலோ தழும்பேறிக் கெட்டியான ஈரலில், அதாவது மருத்துவர்கள் சிரோசிஸ் என்று அழைக்கும் ஈரல் சுருக்க நோயில், அது முளைக்கிறது. அத்தகைய ஈரலில் குறைந்தது 40 விழுக்காடாவது எஞ்சியிருக்க வேண்டும் என்பதால், கட்டி சிறியதாக இருந்தும் அறுவை மறுக்கப்படலாம். ஈரல் நலமாக இருந்தால் பெரிய கட்டியையும் அகற்றலாம். இதை முடிவு செய்ய ரத்தத்தில் பிலிருபின், அல்புமின் அளவுகள், ரத்தம் உறையும் நேரம், வயிற்றில் நீர்க்கோவை, மனக்குழப்பம் ஆகிய ஐந்தையும் கூட்டி ஏ, பி, சி என்று தரம் பிரிக்கும் சைல்டு-பியூ அளவீடு பயன்படுகிறது. தம்முடைய ஈரல் எந்தத் தரத்தில் உள்ளது என்பதையும், அறுவைக்குப் பின் எத்தனை விழுக்காடு எஞ்சும் என்பதையும் நோயாளி கேட்டறிந்து கொள்வது அவருடைய உரிமையாகும்.

இந்நோய் வலியைக் கொடுக்கும்போது பெரும்பாலும் முற்றியிருக்கும். ஆகவே ஈரல் சுருக்க நோய் உள்ளவர் என்று ஒருமுறை சொல்லப்பட்டவர், உடலில் எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும், 6 மாதங்களுக்கு ஒருமுறை வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்துக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் காமாலைக்கு மருந்து கொடுப்பவரிடம் மாதக்கணக்கில் சென்றுகொண்டிருப்பதே டெல்டா மாவட்டங்களில் காலம் வீணாவதற்கு முதற்காரணம். கீழாநெல்லியின் மீதுள்ள நம்பிக்கைக்கு ஓர் அறிவியல் வரலாறும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும், ஹெபடைடிஸ் பி வைரசைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் உள்ளிட்ட குழுவினர் 1988-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட ஆய்வில், 30 நாள் கீழாநெல்லி உட்கொண்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் அவ்வைரசின் அடையாளம் மறைந்ததாகக் காட்டினர். எனினும் பிற நாடுகளில் பின்னர் நடந்த ஆய்வுகள் அம்முடிவை உறுதிப்படுத்தவில்லை. மேலும், அந்த ஆய்வு வைரசைப் பற்றியதே தவிரக் கட்டியைப் பற்றியதன்று. கட்டி இருப்பதாக ஸ்கேன் சொன்ன பிறகு எந்த மூலிகைக்காகவும் ஒரு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

ஈரலில் கட்டி தெரிந்தால், மருந்து செலுத்தி மூன்று கட்டங்களில் படமெடுக்கும் சி.டி. ஸ்கேனோ எம்.ஆர்.ஐ. ஸ்கேனோ எடுக்கப்படும், ஏ.எஃப்.பி. என்னும் ரத்தப் பரிசோதனையும் செய்யப்படும். ஈரல் சுருக்க நோய் உள்ளவருக்கு ஸ்கேனில் தெளிவான அடையாளங்கள் தெரிந்துவிட்டால், ஊசி மூலம் சதை எடுக்கும் பயாப்சி பல வேளைகளில் தேவைப்படாது. இங்கு ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது: ஸ்கேன் அறிக்கை என்ற ஒற்றைத் தாளை மட்டும் வாங்கிக்கொண்டு, படங்கள் அடங்கிய குறுந்தகட்டை வாங்காமல் வந்துவிடும் பழக்கத்தால், அறுவை மருத்துவர் கட்டிக்கும் ரத்தக்குழாய்களுக்கும் உள்ள தொலைவை அளக்க முடியாமல் ஸ்கேனை மறுபடி எடுக்கச் சொல்கிறார், செலவு இரட்டிப்பாவதோடு, அதில் செலுத்தப்படும் மருந்து சிறுநீரகத்தையும் இருமுறை சோதிக்கிறது. குறுந்தகடு கேட்டு வாங்கப்பட வேண்டியது. கேளாதவருக்குக் கொடுக்காத நிலையங்கள் உள்ளன.

அறுவை மட்டுமே வழி என்றும் எண்ண வேண்டியதில்லை. 3 சென்டிமீட்டருக்குட்பட்ட கட்டியை ஊசி வழியாக வெப்பம் செலுத்திச் சுட்டழிக்கும் முறை உண்டு. கட்டிக்குச் செல்லும் தமனியை மருந்தோடு அடைக்கும் முறை உண்டு. ஈரலே கெட்டிருந்தால் மாற்று ஈரல் பொருத்தும் முறை உண்டு. 5 சென்டிமீட்டருக்கு மிகாத ஒரே கட்டி, அல்லது ஒவ்வொன்றும் 3 சென்டிமீட்டருக்கு மிகாத மூன்று கட்டிகள் வரை உள்ளவர்களுக்கே மாற்று ஈரல் நல்ல பலன் தரும் என்று 1996-இல் மிலான் நகர மருத்துவர்கள் வகுத்த வரையறை இன்றும் அடிப்படையாக உள்ளது. அறுவை மருத்துவர், ஈரல் மருத்துவர், கதிரியல் மருத்துவர் ஆகியோர் கூடி முடிவெடுக்கும் மருத்துவமனையே ஏற்றது. அரசுத் துறையில் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் குடல், இரைப்பை அறுவைக்கான தனித்துறைகள் உள்ளன.

அடுத்தது காப்பீடு. பெரும்பாலான தவறுகள் நேர்வது இங்குதான் என்பதால் இது விரிவாகச் சொல்லப்பட வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பத்திற்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவு ஏற்கப்படுகிறது. ஈரல் மாற்று போன்ற பெருஞ்செலவு அறுவைகளுக்குத் தனி நிதியும் உண்டு. அட்டை இல்லாதவர் தம் ஊர் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்று, குடும்ப அட்டை, ஆதார் அட்டை ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டுத் திட்டப் பதிவு மையத்திற்குச் செல்ல வேண்டும். குத்தாலம் முன்பு நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்து, 2020-இல் மயிலாடுதுறை மாவட்டம் உருவானபோது அதனுடன் சேர்ந்ததால், இப்போது செல்ல வேண்டியது மயிலாடுதுறை ஆட்சியர் அலுவலகத்திற்கே. நோயாளியின் பெயர் குடும்ப அட்டையில் இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். மகன் வீட்டிற்கும் மகள் வீட்டிற்கும் மாறி மாறி இருக்கும் முதியவரின் பெயர் எந்த அட்டையிலும் இல்லாமல் போவதும், ஆதாரில் ஒரு பெயரும் குடும்ப அட்டையில் வேறொரு பெயரும் இருப்பதும், மருத்துவமனைச் சேர்க்கை நாளன்றுதான் கண்டுபிடிக்கப்படுகின்றன. சான்றுக்காக வந்த நோயாளியின் வீட்டாரை நாளை வா, மறுநாள் வா என்று அலைக்கழிக்கும் அலுவலர், வளரும் கட்டிக்கு அவகாசம் அளிக்கிறார் என்பதை உணர வேண்டும். அவ்வாறு அலைக்கழிக்கப்படுவோர் திங்கள்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து, மனு பெற்றதற்கான ரசீதை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

அட்டை இருந்தால் மட்டும் போதாது. மருத்துவமனை திட்டத்தின் பட்டியலில் இருக்க வேண்டும். அதிலும் எலும்பு முறிவுக்கு மட்டும் பட்டியலில் உள்ள மருத்துவமனையில் ஈரல் அறுவைக்கு அட்டை செல்லாது. ஆகவே புறப்படுவதற்கு முன்பே 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில், மருத்துவமனையின் பெயரையும் சிகிச்சையின் பெயரையும் சொல்லி உறுதி செய்துகொள்ள வேண்டும். மருத்துவமனையில் சேர்ந்தவுடன் அங்குள்ள காப்பீட்டுத் திட்டப் பிரிவில் அட்டையைக் காட்டினால், பரிசோதனை முடிவுகள் காப்பீட்டு நிறுவனத்திற்கு அனுப்பப்பட்டு முன் அனுமதி பெறப்படும். முன் அனுமதி வருவதற்கு முன் அறுவைக்காகப் பணம் கட்டக் கூடாது. கட்டிய பணத்தைத் திட்டம் பின்னர் திருப்பித் தரும் என்று சொல்பவரை நம்பக் கூடாது; இது பணமில்லாச் சிகிச்சைத் திட்டமே தவிர, ரசீது கொடுத்துப் பணம் பெறும் திட்டமன்று. முன் அனுமதிக்கு முன் பணம் கட்டக் கூடாது என்பதை எத்தனை முறை கூறினாலும், தாலியையும் நிலப்பத்திரத்தையும் அடகு வைத்து முன்பணம் கட்டும் குடும்பங்கள் குறைவதில்லை. அனுமதி கிடைத்த பிறகும் தனியாகப் பணம் கேட்கப்பட்டால், அதே எண்ணிலும் ஆட்சியர் அலுவலகத்திலுள்ள திட்ட அலுவலரிடமும் புகார் செய்யலாம்.

ஒப்புதல் படிவத்திலும் கவனம் வேண்டும். நோயறியும் சோதனைக்குப் பெற்ற ஒப்புதலை வைத்துக்கொண்டு உறுப்பை அகற்றியது தவறு என்று, சமீரா கோலி வழக்கில் 2008 ஜனவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிகிச்சையின் தன்மை, பயன், ஆபத்து, மாற்று வழிகள், சிகிச்சையை மறுத்தால் விளைவது ஆகியவை நோயாளிக்குப் புரியும்படி சொல்லப்பட வேண்டும் என்பது அதன் சாரம். ஈரல் அறுவையில் ரத்தப்போக்கு, பித்தக் கசிவு, எஞ்சிய ஈரல் செயலிழப்பு ஆகிய மூன்றும் முக்கிய ஆபத்துகள். இவை சொல்லப்படாமல் நீட்டப்படும் படிவத்தில் கையொப்பமிட அவசரப்பட வேண்டாம். நிரப்பப்படாத படிவத்தில் ஒருபோதும் கையொப்பமிடக் கூடாது. ஈரல் தானம் செய்பவர் நெருங்கிய உறவினராக இல்லாவிட்டால், 1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி அங்கீகாரக் குழுவின் அனுமதி தேவை. பணத்திற்கு ஈரல் ஏற்பாடு செய்வதாகச் சொல்லும் தரகரோடு பேசுவதே 5 முதல் 10 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றத்தில் கொண்டுபோய் விடும்.

மருத்துவப் பதிவுகளைக் கேட்டு எழுத்து மூலம் விண்ணப்பித்தால் 72 மணி நேரத்திற்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதி. சிகிச்சையில் கவனக்குறைவு இருந்ததாகக் கருதுபவர் இந்தப் பதிவுகள் இல்லாமல் எங்கும் நிற்க முடியாது. தனியார் மருத்துவமனையில் பெற்ற சிகிச்சைக்குக் கட்டணத்தைக் காப்பீடு செலுத்தியிருந்தாலும் நோயாளி நுகர்வோரே என்பது 1995-ஆம் ஆண்டின் வி.பி. சாந்தா வழக்குத் தீர்ப்பிலிருந்து தெளிவாகிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, மருத்துவமனை சென்னையில் இருந்தாலும், தாம் குடியிருக்கும் மாவட்டத்திற்குரிய நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கால வரம்பு 2 ஆண்டுகள்.

அறுவை முடிந்து வீடு திரும்பியதும் நோய் தீர்ந்துவிட்டதாகக் கருதுவது மற்றொரு பெருந்தவறு. கட்டியை முழுமையாக அகற்றியவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு 5 ஆண்டுகளுக்குள் அது மீண்டும் வருகிறது. மீண்டும் வருவது சிறிதாக இருக்கும்போதே கண்டுபிடிக்கப்பட்டால் அதற்கும் சிகிச்சை உண்டு. எனவே தொடக்க ஆண்டுகளில் மருத்துவர் குறிக்கும் இடைவெளியில், பெரும்பாலும் 3 அல்லது 4 மாதங்களுக்கு ஒருமுறை, ஸ்கேனும் ஏ.எஃப்.பி. பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். பயணச் செலவைக் காரணம் காட்டி இதைக் கைவிடுவோர், மருத்துவமனை தரும் சான்றைக் காட்டினால் புற்றுநோயாளிக்கும் துணைக்குச் செல்லும் ஒருவருக்கும் ரயில்வே கட்டணச் சலுகை தருகிறது என்பதை அறிந்திருப்பதில்லை. கண் மஞ்சளானாலோ, வயிறு உப்பினாலோ, மலம் கறுத்தாலோ, இரவில் உறக்கமின்றிப் பகலில் மயங்கிக் கிடந்தாலோ, அடுத்த பரிசோதனை நாளுக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நோய்க்குக் காரணம் ஹெபடைடிஸ் பி என்றால், நோயாளியின் வாழ்க்கைத்துணை, பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகிய அனைவரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். 2018-இல் தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. தொற்று இல்லை என்று தெரிந்தவர்கள் முதல் நாளிலும், 1 மாதத்திலும், 6 மாதத்திலுமாக மூன்று தவணைத் தடுப்பூசியைப் போட்டு முடிக்க வேண்டும்.