டோர்னகல் போன திருநெல்வேலிக்காரர்

சங்க மலருக்கு ஏதாவது எழுதும்படி ஆசிரியர் கேட்டபோது, "தண்டவாளத்தைத் தவிர எனக்கு என்ன தெரியும்?" என்றேன். "அப்படியானால் தண்டவாளம் போன ஊர்களைப் பற்றி எழுதுங்கள்" என்றார். உடனே என் நினைவுக்கு வந்த ஊர் டோர்னகல்.

செகந்திராபாத்திலிருந்து விஜயவாடா செல்லும் பாதையில், மகபூபாபாத்துக்கும் கம்மத்துக்கும் இடையே உள்ள சந்திப்பு அது. பத்ராசலம் ரோடு செல்லும் கிளைப் பாதை அங்குதான் பிரிகிறது. நம்மில் பலர் சென்னைக்குப் போகும்போது தூக்கத்திலேயே அதைக் கடந்து விடுகிறோம். டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்த நான், 1981இல் அந்தப் பகுதிக்கு இருப்புப்பாதை ஆய்வாளனாக வந்தேன். வயது 24. தெலுங்கில் ஒரு வார்த்தை தெரியாது.

ஊரில் ஒரு பெரிய தேவாலயம் உண்டு. குவிமாடமும் உயர்ந்த கோபுரங்களும் மசூதியை நினைவூட்டும். உள்ளே செதுக்கிய தூண்கள் நம் கோயில் மண்டபத்தை நினைவூட்டும். கட்டட வேலை தெரிந்தவன் என்ற முறையில் நான் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, எங்கள் கேங்கின் மூத்த கீமேன், "இதைக் கட்டியவர் உங்கள் அரவ தேசத்து ஆள்தான் சார்" என்றார். தமிழை அங்கே 'அரவம்' என்று சொல்வதுண்டு. அன்று தொடங்கிய ஆர்வத்தில், அவரைப் பற்றிப் படித்தும் கேட்டும் தெரிந்து கொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். நான் கிறிஸ்தவன் அல்லன். ஆனாலும் வெளியூரில் வாழும் தமிழர் எல்லோருக்கும் இவர் கதையில் பாடம் இருக்கிறது.

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874இல் திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளை என்ற கிராமத்தில் பிறந்தார். தந்தை கிராமத்துக் குருவானவர். இளம் வயதிலேயே தந்தையை இழந்தவரைத் தாயார் கண்டிப்புடன் வளர்த்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தும் பட்டம் வாங்காமலே வெளியேறினார். 1895இல் ஒய்.எம்.சி.ஏ.வில் ஊழியராகச் சேர்ந்தார். பணமோ பட்டமோ பெரிய குலப்பெருமையோ இல்லாத ஓர் இளைஞர், தலைவரானது எப்படி?

முதலாவது, நட்பு. 1896இல் அமெரிக்காவிலிருந்து ஷெர்வுட் எடி என்ற இளைஞர் ஒய்.எம்.சி.ஏ. பணிக்காக இந்தியா வந்தார். வெள்ளைக்காரர் உத்தரவிட, இந்தியர் கைகட்டி நின்ற காலம் அது. இவ்விருவரோ ஒன்றாகப் பயணம் செய்தார்கள், ஒன்றாக ஜெபித்தார்கள், சமமாகப் பழகினார்கள். வெள்ளையரும் இந்தியரும் சகோதரராக வாழ முடியும் என்பதை அசரியா புத்தகத்தில் படித்து அறியவில்லை. வாழ்ந்து பார்த்தே அறிந்தார்.

இரண்டாவது, பிறர் கையை எதிர்பாராமை. 1902இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தச் செலவில் ஊழியம் நடத்துவதைக் கண்டார். 'நாம் மட்டும் ஏன் வெளிநாட்டுப் பணத்தை நம்பியிருக்க வேண்டும்?' என்ற கேள்வி அவரைக் குடைந்தது. 1903இல் நண்பர்களுடன் சேர்ந்து திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார். நம் மக்களே ஊழியர்கள், நம் மக்களே காணிக்கை தருபவர்கள். அச்சங்கம் தேர்ந்தெடுத்த இடம்தான் நிஜாம் ராஜ்யத்து டோர்னகல்.

மூன்றாவது, கஷ்டத்தைத் தானே ஏற்றல். 'நீங்கள் போங்கள்' என்று மற்றவர்களை அனுப்பிக்கொண்டிருந்தவருக்கு, தான் போகாதது உறுத்தியது. 1909இல், 35ஆம் வயதில், நல்ல பதவியை விட்டுவிட்டுக் குருப்பட்டம் பெற்று, குடும்பத்துடன் டோர்னகல் வந்தார். ஆரம்பத்தில் கூடாரத்தில்தான் வாசம். அந்த வயதில் தெலுங்கை அகரத்திலிருந்து படித்தார். துணைவியார் அன்பு மரியம்மாள், தென்னிந்தியப் பெண்களில் முதன்முதலில் கல்லூரிப் படிப்புப் படித்தவர்களில் ஒருவர். அவரும் உடன் உழைத்தார்.

நான்காவது, உண்மையை முகத்துக்கு நேரே சொல்லும் துணிவு. 1910இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு நடந்தது. வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மேல்நாட்டினர். அவர்கள் முன் எழுந்த அசரியா, 'எங்களுக்காக எவ்வளவோ தியாகம் செய்தீர்கள். ஆனால் எங்களை உங்களுக்குச் சமமாக நடத்தவில்லை. எங்களுக்கு வேண்டியது நண்பர்கள்' என்ற பொருள்படப் பேசினார். சிலருக்குக் கோபம் வந்தது, பலர் தலைகுனிந்தார்கள். நட்பின் ருசியை ஏற்கெனவே அறிந்திருந்ததால்தான் அந்தக் குறை அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது.

1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அவர் டோர்னகல் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் அவர்தான். வெள்ளையரில் பலர் எதிர்த்தார்கள். வேதனை என்னவென்றால், நம் ஊர்க் கிறிஸ்தவர்களிலேயே சாதி பார்த்து எதிர்த்தவர்களும் உண்டு.

பதவி வந்தபின் அவர் என்ன செய்தார் என்பதே முக்கியம். அவரிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா சமூகத்து ஏழை விவசாயக் கூலிகள். ஊரார் இருவரையும் ஒதுக்கினார்கள். அவர்களோ ஒருவரையொருவர் ஒதுக்கினார்கள். 'ஒரே பந்தியில் உட்கார முடியாதவர்கள் ஒரே சபையாக முடியாது' என்பது அசரியாவின் கொள்கை. மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் கிராமம் கிராமமாகச் சென்றார். குடியை விடச் சொன்னார். கிராமத்து இளைஞர்களையே தேர்ந்தெடுத்து ஆசிரியர்களாகவும் குருமார்களாகவும் பயிற்சி தந்தார். 1935 வாக்கில் அவர் பேராயத்தில் இந்தியக் குருமார் சுமார் 250 பேரும், கிராம ஆசிரியர்கள் 2,000க்கு மேலும் இருந்தார்கள். கூலிக்காரன் மகன் ஊருக்கு எழுத்தறிவித்தான். அந்தப் பேராலயமோ பல ஆண்டு உழைப்பில் எழும்பி 1939 ஜனவரியில் பிரதிஷ்டையானது. 1945 ஜனவரி 1 அன்று அசரியா டோர்னகலிலேயே காலமானார். அவர் பாடுபட்ட தென்னிந்தியத் திருச்சபை ஒற்றுமை 1947இல் நிறைவேறியது.

இப்போது என் கதைக்கு வருகிறேன். டோர்னகலில் முதல் சில மாதங்கள் நான் நடந்துகொண்ட விதம் பெருமைக்குரியதல்ல. டிராலியில் உட்கார்ந்து வருவேன், கேங்மேன்களை அதட்டுவேன், அவர்கள் தண்ணீர் கொடுத்தால் 'வேண்டாம்' என்பேன். சொன்ன வேலையைச் செய்தார்கள். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. அந்த ஆண்டு மழையில் ஓரிடத்தில் கரை சரிந்து, ஸ்லீப்பர்களுக்கு அடியில் ஜல்லி இறங்கிவிட்டது. இரவெல்லாம் மண் மூட்டை அடுக்கினோம். நானும் சட்டையைக் கழற்றிவிட்டு மூட்டை தூக்கினேன். விடியற்காலையில் அந்தக் கீமேன் தன் தூக்குச் சட்டியைத் திறந்து, சோளரொட்டியைப் பிய்த்து, சற்றுத் தயங்கி என் பக்கம் நீட்டினார். வாங்கித் தின்றேன். அதுவரை 'சார்' என்று மட்டுமே கூப்பிட்ட இளைய கேங்மேன் ஒருவன் அன்று முதல் 'அன்னா' என்றான். தெலுங்கிலும் அது அண்ணன்தான். அதன்பின் ரயிலில் சிறு விரிசல் கண்டாலும் இரவில் ஓடி வந்து என் கதவைத் தட்டினார்கள்.

தண்டவாளத்தை ஸ்லீப்பர் தாங்குகிறது. ஸ்லீப்பரை ஜல்லி தாங்குகிறது. ஜல்லிக் கற்கள் ஒன்றோடொன்று இறுகி நிற்பதால்தான் பாரம் பரவுகிறது. தனிக் கல் எவ்வளவு பெரிதானாலும் அந்த வேலையைச் செய்யாது. அசரியாவின் வாழ்க்கையும் எனக்கு இதையே சொல்கிறது.

நம் பிள்ளைகள் பிற மாநிலங்களில் அதிகாரிகளாகவும் மேலாளர்களாகவும் ஆகிறார்கள், மகிழ்ச்சி. போன இடத்தின் மொழியைக் கற்றார்களா, அங்குள்ள எளியவர் வீட்டில் ஒருவேளை சாப்பிட்டார்களா என்றும் நாம் அவர்களைக் கேட்க வேண்டும். அடுத்த முறை டோர்னகலை ரயில் கடக்கும்போது, பகலாக இருந்தால் பிள்ளைகளை எழுப்பி உட்கார வைத்து இந்தத் திருநெல்வேலிக்காரரின் கதையைச் சொல்லுங்கள்.