யந்திரம் அழைத்தது, எடுத்தவர் யார்?

திண்டுக்கல்லில் பூட்டு வியாபாரம் நடத்தும் ஒரு காரியாலயத்தில், இரவில் வரும் அழைப்புகளைக் குரலஞ்சல் யந்திரம் பதிவு செய்துகொண்டு, செய்தி வந்திருப்பதை அறிவிக்க முதலாளியின் கைபேசிக்குத் தானே அழைப்பு விடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "எடுப்பதற்குள் நின்றுவிட்டதே!" என்கிறார் முதலாளி; "தகவல் சேர்ந்தது" என்கிறது யந்திரத்தின் பதிவேடு. ஏன் இந்த முரண்பாடு?

செம்புக் கம்பி இணைப்பில், மறுமுனையில் எடுத்தார்களா என்பதை யந்திரம் பெரும்பாலும் ஓசையைக் கொண்டே அனுமானிக்கிறது. நம் தேசத்தில், அழைப்பவர் காதில் விழும் மணியோசை 400 ஹெர்ட்ஸ் ஸ்வரத்தில் 0.4 விநாடி ஒலித்து, 0.2 விநாடி நின்று, மறுபடி 0.4 விநாடி ஒலித்து, 2 விநாடி மௌனம் காக்கும். இந்தத் தாளம் முறிந்து வேறு ஓசை கேட்டால் மனிதர் பேசுகிறார் என்பது யந்திரத்தின் சித்தாந்தம். முதலாளி காலர் ட்யூனாக முருகன் பாட்டை வைத்திருந்தாரோ, தீர்ந்தது! நாதஸ்வரத்தைக் கேட்ட மாத்திரத்தில், பாவம், அது செய்தியை ஒப்பித்துவிட்டு இணைப்பைத் துண்டித்துவிடும்.

ஆகையால்தான், விஷயமறிந்தவர்கள் "கேட்பதற்கு 1-ஐ அழுத்துங்கள்" என்று நிபந்தனை விதிக்கிறார்கள். அந்தப் பொத்தான் 697, 1209 ஹெர்ட்ஸ் என்னும் இரு ஸ்வரங்களை ஒருங்கே எழுப்புவதால், பாட்டு அதைத் தற்செயலாகப் பிறப்பிப்பது துர்லபம். இணையவழித் தொலைபேசியில், எடுத்ததற்கு அடையாளமாக 200 என்ற குறியீடே தனியாக வந்துசேரும். ஆனால் நடுவில் பழைய கம்பி இணைப்பு ஒன்று இருந்தால், எண்ணைச் சுழற்றியவுடனேயே அக்குறியீடு வந்துவிடுவதும் உண்டு. எனவே பதிவேட்டில் பார்க்கவேண்டியது "எடுக்கப்பட்டது" என்ற சொல்லையன்று, பொத்தான் அழுத்தப்பட்டதா என்பதையும் அழைப்பு நீடித்த விநாடிகளையுமே. எல்லா அழைப்புகளும் ஒரே அளவில் முடிந்திருந்தால், யந்திரம் பாட்டுக்கே செய்தி சொல்லிக்கொண்டிருந்தது என்று சந்தேகிக்கலாம்.